நில்லு என்று சொன்னவன்

ஆச்சரியக்குறி வேண்டுமா வேண்டாமா என்று ஜெகநாதன் கேட்டுப் பத்து நிமிஷம் ஆகிறது, நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. கல்லில் எழுத்து வெட்டிக் கொடுப்பவருக்கு அது நியாயமான கேள்விதான். திருச்சி ரோட்டோரம் தகரக் கூரை போட்ட அவருடைய பட்டறையில், இரண்டு மரக்கட்டைகள் மேல், ஆள் உயரக் கறுப்புக் கல் மல்லாக்கக் கிடக்கிறது. அதன் மேல் பச்சை ரப்பர் ஷீட்டை ஒட்டி, அதில் எழுத்துகளை அறுத்து வைத்தாகிவிட்டது. அறுத்த துண்டுகளைப் பிய்த்தெடுத்துவிட்டு, குழாயால் மணலைப் பீய்ச்சியடித்தால் எழுத்து கல்லுக்குள் இறங்கிவிடுமாம். மேலே சின்ன எழுத்தில் தியாகி வெள்ளிங்கிரி. அதற்குக் கீழே, துப்பாக்கிக்கு எதிரே நின்று அவர் சொன்ன சொல் என்று ஒரு வரி. அதற்கும் கீழே, ஒரு முழ நீளத்துக்கு, நில். அந்த நில்லுக்குப் பக்கத்தில்தான் ஒரு சாண் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். நினைவுக் கமிட்டியில் இரண்டு மாசமாக இதுதான் சண்டை. நில்லா, நில்லுவா, நில்லுங்களா என்று முதல் மாசம். தமிழாசிரியர் ஒருவர் வந்து நில் என்பதுதான் இலக்கணம் என்று தீர்த்து வைத்தார். செத்தவனுக்கு இலக்கணம் தெரியாது என்பதை யாரும் யோசிக்கவில்லை. இரண்டாவது மாசம் ஆச்சரியக்குறி. சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் குறி வேண்டும், அமைதியாகச் சொல்லியிருந்தால் வேண்டாம். கடைசியில் செயலாளர் குணசீலன், "பக்கத்துல இருந்து காதால கேட்டவரு நாச்சிமுத்து ஐயா ஒருத்தருதான் உசுரோட இருக்கறாரு, அவரே பட்டறைக்குப் போயிப் பாத்துச் சொல்லீரட்டும்" என்று என்னை அனுப்பிவிட்டார். அதனால் இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். சத்தமாகத்தான் சொன்னது. ரொம்பச் சத்தமாக, தொண்டை கிழியச் சொன்னது. சொன்னது யார் என்பதை மட்டும் நாற்பத்தேழு வருஷமாக ஒரே ஒருத்தரைத் தவிர யாரும் என்னிடம் கேட்கவில்லை, நேற்று சாயந்திரம் வரைக்கும்.

நேற்று சாயந்திரம் கேட்டது கலாமணி. வெள்ளிங்கிரியின் ஒரே மகள், திருப்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். போனை எடுத்ததும் நலம் விசாரிக்கவில்லை, சாப்பிட்டீங்களா என்றும் கேட்கவில்லை. "மாமா, கல்லு வெட்டறதுக்கு முந்தி எனக்கு ஒண்ணு தெரியோணுமுங்க. எங்கப்பா நெசமாலுமே அப்படிச் சொன்னாருங்களா?" நான் செருமினேன். டவர் கிடைக்காதது போல ஹலோ ஹலோ என்றேன், எழுபத்திரண்டு வயசில் இந்தப் பித்தலாட்டம். "காது கேக்குதுன்னு தெரியுமுங்க மாமா. நேர்ல சொல்லுங்க. பதினோரு மணிக்குப் பட்டறைக்கு வந்தர்றேன்" என்று வைத்துவிட்டாள். இப்போது மணி பத்து இருபத்தைந்து. திறப்பு விழாவுக்கு அவளைத்தான் திரை விலக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், விலக்கிவிட்டு அந்தச் சொல்லை ஒருமுறை மைக்கில் சொல்ல வேண்டும் என்று குணசீலன் கேட்டுக்கொண்டாராம். அந்த வார்த்தையை நான் வாயில் எடுக்க மாட்டேன் என்று பட்டென்று சொல்லிவிட்டாளாம். எடுக்க மாட்டாள்தான். பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் அவளை மேடையில் நிற்க வைத்தார்கள், பிள்ளைகள் அவளுக்கு நில்லு மகள் என்றே பேர் வைத்தார்கள். போன ஐப்பசியில் அவள் அம்மா ராமாத்தாள் போய்ச் சேர்ந்து, காரியம் முடிந்து எல்லோரும் இலையில் உட்கார்ந்திருந்தபோது என் பக்கத்தில் வந்து குனிந்து, பரிமாறுகிற கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "ஊருக்கெல்லாம் நில்லுன்னு சொல்லீட்டுப் போனாரு. தொட்டில்ல மூணு மாசத்துக் கொழந்தையா கெடந்தனே, என்னைய நெனச்சாருங்களா மாமா அந்த மனுசன்? நெனச்சிருந்தா ஓடி வந்திருக்க மாட்டாரா?" நான் ரசம் போடச் சொன்னேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அவளும் போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

நில்லு. சின்ன வார்த்தை. எத்தனை விதமாகச் சொல்கிறோம். பஸ்ஸைப் பார்த்து நில்லு என்றால் நிறுத்து. அடிக்க வருகிறவனுக்கு முன்னால் ஒருவன் தன் ஆட்களைப் பார்த்து நில்லு என்றால் ஓடாதே, எதிர்த்து நில். முன்னால் போகிறவனைப் பார்த்து, மூச்சு வாங்க, நில்லுடா என்றால் நானும் வருகிறேன், என்னை விட்டுவிட்டுப் போகாதே. மூன்றும் ஒரே வார்த்தைதான், எந்த வாய் எந்தப் பக்கம் பார்த்துச் சொன்னது என்று தெரியாவிட்டால் வித்தியாசம் தெரியாது. ஊர் அதை இரண்டாவது அர்த்தத்தில் எடுத்துக்கொண்டது. நான் சொன்னது மூன்றாவது. இதோ, மனசுக்குள் சொல்லிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை, கூரைத் தகரம் வெயிலுக்குச் சடசடக்கிறது, எதிர்க் கடையில் டயருக்குக் காற்றடிக்கிறார்கள். மனசுக்குள் சொல்வதற்கு என்ன. அந்த நாளுக்குப் பிறகு அந்த வார்த்தையை மேடையைத் தவிர வேறெங்கும் நான் சொன்னதில்லை. ஆட்டோக்காரரிடம் ஓரம் கட்டுங்க என்பேன். பேரன் தெருவில் ஓடினால் இரு இரு என்று கத்துவேன், மருமகள்கூட ஒருநாள் கேட்டாள், ஏன் மாமா லாரி வருது, நில்லுன்னு சொன்னாத்தான் என்ன என்று. லாரி பக்கத்தில் வந்தபோதும் எனக்கு இரு என்றுதான் வாயில் வந்தது. பேரன் தானாக நின்றான். அன்றைக்கு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஏனுங்க ஐயா, டீ சொல்லட்டுங்களா?" ஜெகநாதன். வேண்டாமென்று கையாட்டினேன், அவர் அதை வேணும் என்று எடுத்துக்கொண்டு எதிர்க் கடைக்குக் குரல் கொடுத்தார். நல்ல மனிதர், ஐம்பது வயசிருக்கும், மீசையில் கல் தூசி. "அபார்ட்மென்ட் இன்ஜினியரு நேத்து இங்க வந்திருந்தாருங்க. கேட்டுப் பக்கத்துல இந்தக் கல்ல நட்டா, வர்ற வண்டியெல்லாம் நில்ன்னு படிச்சுட்டு நின்னு போயிருமுங்களேன்னு கவலைப்படறாரு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், சிரிப்பு வந்த அளவுக்கு. இன்ஜினியர்மேல் தப்பில்லை. மில் இருந்த இடத்தில் பதினாலு மாடி வருகிறது, பழைய நினைவுத் தூண் நீச்சல் குளம் வருகிற இடத்தில் நின்றுவிட்டது, அதை எடுத்துவிட்டு வாசல் ஓரத்தில் புதுக் கல் வைத்துத் தருகிறோம் என்றார்கள். கமிட்டி ஒரு மாசம் கொடி பிடித்தது, பிறகு கல்லின் உயரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. குடிவரப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு இங்கே மில் இருந்ததே தெரியாது. மில் மூடியபோதே ஊர்ப் பிள்ளைகள் கிண்டலாகச் சொல்வார்கள், நில்லு நில்லுன்னு கத்துனாங்க, மில்லு நின்னு போச்சு என்று. அப்போது எனக்குக் கோபம் வந்தது, பெரிய யோக்கியன் மாதிரி சண்டைக்குப் போனேன். இப்போது யோசித்தால் அந்தப் பிள்ளைகளாவது அந்த வார்த்தையைப் புரட்டிப் பார்த்தார்கள். நாங்கள் பார்க்கவேயில்லை. டீ வந்துவிட்டது, டம்ளரைத் தொடையில் வைத்துக்கொண்டேன், சூடு வேட்டிக்குள் இறங்குகிறது. பத்து முப்பத்தெட்டு.

அன்றைக்கும் வெயில்தான். புது மெஷின் வரப்போகிறது, முந்நூறு பேர் வேண்டாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், பதினொரு நாளாக வேலைநிறுத்தம். வெள்ளிங்கிரிக்கு அன்று வர இஷ்டமே இல்லை. காலையில் அவன் வீட்டு வாசலில் நின்று, இல்லை, நிற்கவில்லை, உட்கார்ந்திருந்தேன், இந்த நினைப்புகூட எனக்கு இடக்குப் பண்ணுகிறது, வாசற்படியில் உட்கார்ந்து நான்தான் கூப்பிட்டேன். "பாப்பாவுக்கு ராத்திரியிருந்து சூடு அடிக்குதுடா மாப்ளே, நீ போயிட்டு வா" என்றான். தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம், பேர் எடுக்கிறார்களாம், வராதவனை அப்புறம் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். மில் கேட்டுக்கு முன்னால் எழுநூறு எண்ணூறு பேர். யாரோ ஒரு கல்லை விட்டெறிந்தார்கள், பிறகு பத்துப் பேர், பிறகு லத்தி, பிறகு பட்டாசு போல ஒரு சத்தம். பட்டாசு என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. பக்கத்தில் ஓடியவர் குப்புற விழுந்தபோதுதான் புரிந்தது. காம்பவுண்டுச் சுவருக்கும் பஞ்சுக் குடோனுக்கும் நடுவே ஒரு சந்து, அதன் அந்தப் பக்கம் மில் தொழிலாளிகள் குடியிருந்த லைன் வீடுகள், அவன் வீடு மூன்றாவது. வெள்ளிங்கிரி சடுகுடு ஆடுகிறவன், கால் தரையில் படாமல் ஓடுவான், சந்துக்குள் எனக்கு இருபதடி முன்னால் போய்விட்டான். எனக்கு வலது செருப்பின் வார் அறுந்தது. கால் மடங்கி விழுந்தேன், முழங்கால் சிராய்த்தது, பின்னால் பூட்ஸ் சத்தம், கத்தினேன். நில்லுடா. நில்லுடா மாப்ளே. அவன் நின்றான். நின்று, திரும்பி, என்னை எழுப்புவதற்குக் கையை நீட்டினான். நீட்டிய கையோடு அப்படியே உட்கார்ந்தான்.

நீட்டிய கை. பழைய தூணில் அதைத்தான் வரைந்து வைத்திருந்தார்கள், உள்ளங்கை துப்பாக்கியைப் பார்த்து, தடுக்கிற மாதிரி. ஓவியர் கேட்டபோது கை எப்படி இருந்தது என்று நான் செய்து காட்டினேன், ஒழுங்காகத்தான் செய்து காட்டினேன், உள்ளங்கை மேல் நோக்கி. அது பிச்சை கேட்கிற மாதிரி இருக்கிறது என்று அவர் திருப்பிவிட்டார். குடோன் சுவருக்குப் பின்னால் பதுங்கியிருந்தவர்கள் கேட்டது ஒரு வார்த்தை, எட்டிப் பார்த்தபோது கண்டது போலீசுக்கு முகம் காட்டி நின்ற ஒருவன். நான் தரையில் கிடந்தேன், அந்த நேரத்தில் என்னை யாரும் பார்க்கவில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது. மூன்றாம் நாள் பொதுக்கூட்டம், சங்கத் தலைவர் மேடையில் அழுதுகொண்டே பேசினார், ஓடுகிற கூட்டத்தைப் பார்த்து நில்லு என்றானே எங்கள் வெள்ளிங்கிரி என்று. கூட்டம் அப்படியே பொங்கியது. என்னை மேடைக்கு ஏற்றினார்கள், முழங்காலில் கட்டுப் போட்டிருந்தேன், அந்தக் கட்டு வேறு எனக்கு மரியாதை தேடிக் கொடுத்தது. நீதானேப்பா பக்கத்துல இருந்த, கேட்டியா அவன் சொன்னதை என்றார். கீழே முன்வரிசையில் ராமாத்தாள், மடியில் குழந்தை, அழுது வீங்கிய முகம். அந்த முகத்தைப் பார்த்து, நான் கூப்பிட்டதால்தான் உன் புருஷன் செத்தான் என்று எப்படிச் சொல்வது. தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது, ஒரு தடவை, மேலும் கீழும். அன்று எனக்கு இருபத்தைந்து வயசு, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ராமாத்தாளுக்குச் சந்தேகம் இருந்தது. பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, அடுப்படியில் இருந்தபடியே கேட்டது. "ஏனுங்கண்ணா, அவரு நில்லுன்னா சொன்னாரு?" ஆமாம் என்றேன். "ஒரு எடத்துல நிக்காத மனுசனாச்சுங்களே" என்றது. பிறகு அதுவே, "சொல்லியிருப்பாரு, ஊரே சொல்லுதே" என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டது. அதற்கப்புறம் கேட்கவில்லை. வருஷா வருஷம் நினைவு நாளில் வெள்ளைச் சேலை கட்டி முதல் மாலை போட்டது. இப்போது நான் சொன்னால் அந்த நாற்பத்தாறு மாலையும் என்ன ஆகும்? ராமாத்தாள் இல்லை, கேட்கப் போவதில்லை, அதனால்தான் இப்போது சொல்லத் தைரியம் வருகிறதா? வெட்கம் கெட்ட தைரியம்.

அதோடு, அந்த வார்த்தை சும்மா இருக்கவில்லையே. நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவில் ஒரு சூப்பர்வைசர் பெண்களிடம் தப்பாக நடந்தபோது, நூற்றிருபது பெண்கள் பத்தொன்பது நாள் கேட்டில் நின்றார்கள், வெள்ளிங்கிரி நில்லுன்னு சொன்னாரு என்று சொல்லிக்கொண்டு. அந்த சூப்பர்வைசரை மாற்றும்வரை நகரவில்லை. ஊர்க் குளத்தை மூட வந்தபோது பொக்லைனுக்கு முன்னால் நின்றார்களே, அதற்கும் இதே வார்த்தைதான். இன்றைக்கும் குளத்தில் தண்ணீர் இருக்கிறது, கொக்கு வருகிறது. நான் சாகப் பயந்து கத்தியதை வைத்து இவர்கள் இத்தனை செய்துவிட்டார்கள். அதைப் பிடுங்க எனக்கு என்ன உரிமை என்று ஒரு மனசு. ஆமாம், உனக்கு வசதியான கேள்விதான் என்று இன்னொரு மனசு. நானும் சும்மா தலையாட்டிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. மேடை ஏறி ஏறிக் கதையை வளர்த்தேன். பத்தாம் வருஷம் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டதாகச் சேர்த்தேன், ஏன் சேர்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை, வாயில் வந்தது. அடுத்த வருஷம், அன்றைக்குப் பல்லடத்தில் கல்யாணத்துக்குப் போயிருந்த ஒருவர், நானே பாத்தேன், துண்டெடுத்து வேர்வையைத் தொடச்சாரு என்று என்னிடமே சொன்னார். நான் ஆமாம் என்றேன். பிறகு எனக்கே கனவில் அவன் வியர்வை துடைக்கிறான். இப்போது சில நாள் காலையில் விழிக்கும்போது அவன் குரலிலேயே கேட்கிறது, நில்லு, கனமான குரலில், மேடைக் குரலில். அப்படிக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவும். ஊர் சொல்வதுதான் நிஜமோ, நான்தான் பித்துப் பிடித்துக் கற்பனை பண்ணிக்கொண்டிருக்கிறேனோ என்று படுத்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருப்பேன். ஆனால் காது ஏமாறும், தொண்டை ஏமாறாது. எச்சில் வற்றி, அந்த வார்த்தை உள்ளேயிருந்து சுரண்டிக்கொண்டு வெளியே வந்தது இன்றைக்கும் இங்கே இருக்கிறது, குரல்வளைக்குக் கீழே. டீயை விழுங்கினால் அந்த இடத்தில் தடுக்குகிறது.

போன் அடிக்கிறது. குணசீலன். "ஐயா, பாத்துட்டீங்களா? நல்லா வந்திருக்குதுங்களா?" நன்றாக இருக்கிறது என்றேன். "குறி போட்டர்லாமுங்களா? நோட்டீஸ் அடிக்கக் குடுக்கோணும், அதுலயும் அதே மாதிரி வரோணும் பாருங்க." கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன் என்றேன். "உங்க ஒடம்பு செரியா இருக்குதுங்களா? கொரலு ஒரு மாதிரி இருக்குது." வெயில் என்றேன். குணசீலன் அன்றைக்குப் பதினொரு வயசுப் பையன், கேட்டுப் பக்கமே வரவில்லை, ஆனால் அவருடைய வாழ்க்கை முழுக்க இந்த ஒரு வார்த்தையைச் சுற்றித்தான். கல்யாணத்தைக்கூட நினைவு நாளன்றுதான் வைத்துக்கொண்டார். இவரிடம் போய், குணசீலா, அது ஒரு பயந்தாங்கொள்ளியின் கூப்பாடு என்று சொல்ல வேண்டும். என்ன செய்வார்? அடிக்க மாட்டார். பார்ப்பார், அவ்வளவுதான், அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியாது. ஊரில் எனக்கு இருக்கிற மரியாதையெல்லாம் அந்த வார்த்தை கொடுத்தது. பெஞ்சில் இடம் விடுவது, கல்யாணத்தில் முன்வரிசை, ஐயா வந்துட்டாரு என்று எழுந்திருப்பது. கலாமணியிடம் மட்டும் சொல்லிவிட்டு, வெளியே சொல்லாதே அம்மிணி என்று கேட்டுக்கொண்டால்? தூ. செத்தவனிடம் வாங்கித் தின்றது போதாதென்று அவன் மகளையும் என் பொய்க்குக் காவல் வைப்பதா. அல்லது பேசாமல் ஆமாம் கண்ணு, சொன்னான், என் காதால் கேட்டேன் என்றால் முடிந்தது. நாற்பத்தெட்டாவது தடவை. பழகின வாய்தானே. அவள் முகத்தைப் பார்க்காமல், கல்லைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிடலாம். அவள் அப்பனைத் திட்டிக்கொண்டே திருப்பூர் பஸ் ஏறிவிடுவாள், இத்தனை வருஷம் திட்டியவள் இன்னும் கொஞ்ச வருஷம் திட்டிவிட்டுப் போகட்டும். இதைத்தான் செய்யப் போகிறேன் என்று நினைத்ததும் நெஞ்சு படபடப்பு குறைந்தது. குறைந்ததைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது. பத்து ஐம்பத்திரண்டு.

ஜெகநாதன் மெஷினை ஓட்டிப் பார்க்கிறார், காற்று அடைக்கிற சத்தம், தரை கிடுகிடுக்கிறது. குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு, முகமூடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். கொஞ்சம் இருங்க என்று கை காட்டினேன். ரோட்டில் ஒரு டவுன் பஸ் வந்து, கதவு திறந்து, ஒரு பெண் இறங்கினாள், இல்லை, அவள் இல்லை, கூடையோடு வேறு யாரோ. வராமலே இருந்துவிட்டால்? ஆஸ்பத்திரியில் ஏதாவது அவசரம், லீவு கிடைக்கவில்லை மாமா என்று ஒரு போன். வராதே, வராதே என்று வேண்டிக்கொண்டேன், என்ன வேண்டுதல் பாருங்கள். இரண்டாவது பஸ்ஸில் அவள் வந்தாள். கைப்பை, மடக்குக் குடை, காதோரம் நரை. நாற்பத்தேழு வயசுப் பெண், அவள் அப்பனைவிட இருபத்தொரு வயசு பெரியவள். ரோட்டைத் தாண்டும்போது ஒரு லாரிக்கு முன்னால் சட்டென்று நாலு எட்டு ஓடி இந்தப் பக்கம் வந்தாள், அந்த நாலு எட்டில் எனக்கு உயிர் போய் வந்தது. கால் தரையில் படவில்லை. ராமாத்தாள் எந்தக் காலத்திலும் அப்படி ஓடியதில்லை.

"வந்து நேரமாச்சுங்களா மாமா?" என்றாள். கல்லைப் பார்த்தாள். மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள், சின்ன எழுத்தை, பெரிய எழுத்தை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஜெகநாதனைப் பார்த்து, "அண்ணா, அஞ்சு நிமிசம் மெசினை நிறுத்தறீங்களா" என்றாள். நிறுத்தினார். நிறுத்திய பிறகு எதிர்க் கடைக்காரர் யாரையோ திட்டுவதுகூடக் காதில் விழுந்தது.

"சொல்லுங்க மாமா. சொன்னாருங்களா?"

ஆமாம் கண்ணு என்று சொல்ல வாயைத் திறந்தேன். கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், திட்டம் போட்டபடி. அவள் குனிந்து என் முகத்துக்கு நேரே வந்துவிட்டாள், நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிறவள் போல. அவ்வளவு கிட்டத்தில் வெள்ளிங்கிரியின் கண்கள்.

"இல்ல அம்மிணி" என்றேன். "உங்கப்பன் ஒண்ணுமே சொல்லல. சொன்னது நானு."

நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று தெரிந்தது, கொட்டிவிட்டேன். "சந்துக்குள்ள அவன் முன்னால ஓடிட்டிருந்தான். எனக்குச் செருப்பு வாரு அந்து போயி விழுந்துட்டன். என்னைய உட்டுட்டுப் போறானேன்னு பயம். நில்லுடா மாப்ளேன்னு கத்துனன். நின்னுட்டான். என்னையத் தூக்கறதுக்குத்தான் கையை நீட்டுனான், போலீசத் தடுக்கறதுக்கு இல்ல. ஊர்ல தப்பாப் புரிஞ்சுட்டாங்க, நானும் அப்படியே உட்டுட்டன்."

ஜெகநாதன் குழாயைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. அவரும் கேட்டுவிட்டார், அப்படியென்றால் சாயந்திரத்துக்குள் குணசீலன், அப்புறம் ஊர். கேட்கட்டும். கலாமணி ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்பாள் என்று நினைத்தேன், காலில் விழுவதென்றால் முழங்கால் மடங்காது. அவள் அதைக் கேட்கவில்லை.

"ஓடிட்டா இருந்தாரு?"

"ஆமாஞ் சாமி."

"எந்தப் பக்கமுங்க?"

நாற்பத்தேழு வருஷத்தில், எத்தனை மேடை, எத்தனை பேட்டி, அவன் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள், ஓடியது எந்தப் பக்கம் என்று கேட்க அவர்களுக்கு அவன் ஓடியதே தெரியாது.

"லைன் வீட்டுப் பக்கம்" என்றேன். "வூட்டுக்குத்தான். உனக்குச் சூடு அடிக்குதுன்னு காலைலிருந்தே சொல்லிட்டிருந்தான், கூட்டத்துக்கு வரவே மாட்டேன்னான். நான்தான் கூட்டியாந்தேன்."

அவள் கல்லின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். உதடு கோணியது, சின்னப் பிள்ளைக்கு அழுகைக்கு முன்னால் கோணுமே, அப்படி. குடை கீழே விழுந்தது, எடுக்கவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

"அப்ப, நீங்க கூப்புடலீன்னா எங்கப்பா வூடு வந்து சேந்திருப்பாருங்களா?"

"சேந்திருப்பான்" என்றேன்.